பாறணைச் சோறு

பாலைவன முகாம்
16.01.2025

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் துசியந்தி, சொந்த இடம் கிளிநொச்சிப் பக்கம். உங்கள் மகள் தர்மிகா வந்து தங்கியிருந்த இந்த இடத்தில் அறை கூட்டித் துடைக்கிறது என் வேலை. போன மாதம் பிள்ளை போன பிறகு அவவின் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் அடுக்கியது நான்தான். பெட்டியின் பிடியில் ஒரு மட்டை கட்டியிருந்தது. அதில் உங்கள் பெயரும் விலாசமும் ரெலிபோன் நம்பரும் தமிழில். நீங்கள் கட்டியதாய்த்தான் இருக்கவேண்டும். விலாசத்தையும் நம்பரையும் என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

இங்கே போன் இல்லை. வருகிற ஆட்களின் போனை ஒரு சீலைப் பைக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அமைதிக்காகத்தான் வருகிறார்களாம். எங்கள் போனையும் வேலைக்கு வந்த அன்றே வாங்கி வைத்துவிட்டார்கள். மன்னார்ப் பொடியன் ஒருத்தன், றூபன், வியாழக்கிழமைகளில் மரக்கறி எடுக்க லொறியில் பக்கத்து றவுணுக்குப் போவான். அவனிடம் மட்டும் போன் உண்டு, அதுவும் றவுணில்தான் வேலை செய்யும். இந்தக் கடிதத்தை அவன் படமெடுத்து உங்களுக்கு அனுப்புவான். நீங்களும் எழுதிப் படமெடுத்து அவனுக்கே அனுப்பினால், மரக்கறிப் பெட்டி இறக்கும்போது எனக்குக் காட்டுவான்.

நான் எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். பிள்ளை வெறும் வயிற்றோடு போகவில்லை அம்மா. இங்கே அவவுக்குப் பட்டினிதான் வைத்தியம். பத்து நாளுக்கு மேல் தண்ணீர் மட்டும். அது முடிகிற அன்று விடிய நான் என் கையால் பாறணைச் சோறு கொடுத்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டா. பெற்ற மனத்துக்கு இது தெரியவேண்டும் என்று நினைத்தேன்.

துசியந்தி

❖

ரெய்னர்ஸ் லேன்
20.01.2025

பிள்ளை துசியந்தி,

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. இங்கே வந்தவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் "சொறி" சொன்னார்கள். அந்த இடத்துக் கம்பனியால் பூ வந்தது. பிள்ளை சாப்பிட்டாளா என்று யாரும் சொல்லவில்லை. நீதான் சொன்னாய்.

தர்மிகாவுக்கு இங்கே லண்டன் சிற்றியில் பாங்க் ஒன்றில் பெரிய வேலை. ஆறு மாதமாய் அவளுக்கு நித்திரை இல்லை. வேலை செய்கிற இடத்தில்தான் இதை ஒழுங்கு செய்து கொடுத்தார்கள். "அம்மா, பாலைவனத்தில போய் விரதம் இருக்கப்போறன்" என்றாள். நான் சந்தோசப்பட்டேன். நான் வருசா வருசம் கந்தசட்டி பிடிக்கிறவள். ஆறு நாளும் தண்ணீரும் பாலும். சின்னதில் அவள் என்னைப் பகிடி பண்ணுவாள், "முருகனோட என்னம்மா கோவம், சாப்பிடாமல் இருக்கிறியள்?" என்று. அப்படிப்பட்டவள் தானாய் விரதம் என்கிறாள். ஸ்டேசனடி மரக்கறிக்கடையில் பெருமையாய்ச் சொன்னேன். கடைக்காரர் செல்வரத்தினம், "பிறகென்ன அக்கா, கலியாணம் கெதியில ஒப்பேறும்" என்றார்.

எயார்போட்டில் இருந்து கடைசியாய்க் கதைத்தாள். "முடிச்சுக்கொண்டு வா, பாறணைச் சோறு ஆக்கி வைக்கிறன்" என்றேன். "எட்டுக் கறி வேணும்" என்றாள். எட்டுக்கும் மரக்கறி வாங்கி வைத்திருந்தேன். முருங்கைக்காய் மட்டும் இன்னும் பிரீசரில் கிடக்கிறது.

என் கை கொடுக்கவேண்டியதை உன் கை கொடுத்திருக்கிறது. நீ நல்லாய் இருப்பாய்.

என்ன கறி வைத்தாய்? எங்கே இருந்து சாப்பிட்டாள்? என்ன சொன்னாள்? எல்லாம் எழுது. பயப்படாதே, என் மகன் சுஜீத்துக்கு உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. அவன் அந்த இடத்துக்காரர் மேல் வழக்குப் போடத் திரிகிறான். எதைச் சொன்னாலும் லோயரிடம் கொண்டு ஓடுவான்.

பெட்டியில் வந்த அவளின் வெள்ளை உடுப்பைத் தெரியாமல் வோஷிங் மெசினில் போட்டுவிட்டேன். உள்ளே முழுக்க மணல். சுத்தும்போது கரகரவென்று சத்தம் கேட்கிறது. திருத்த ஆள் கூப்பிடவில்லை.

கனகாம்பிகை

❖

பாலைவன முகாம்
23.01.2025

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன்.

இங்கே எங்களுக்கு மணல் நிறத்தில் உடுப்பு. வந்த ஆட்களின் கண்ணில் நாங்கள் படக்கூடாதாம். அவர்களோடு கதைக்கவும் கூடாது. அவர்களுக்கு வெள்ளை உடுப்பு. காலையில் மணியடித்தால் வரிசையாய்ப் போய் மணலில் புதைந்து கிடப்பார்கள். எங்கள் ஊரில் மணலுக்குள் பங்கர் வெட்டி உயிரைக் காப்பாற்றினோம். இவர்கள் காசு கொடுத்துப் படுக்கிறார்கள். றூபனுக்கு இதைச் சொன்னால் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறும்.

நான் குளியலறை துடைத்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ பாடியிருக்கிறேன். பிள்ளை கட்டிலில் இருந்து கேட்டா, "அன்ரி, நீங்கள் தமிழோ?" வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கதைப்போம். எல்லாம் உங்கள் கதைதான். நீங்கள் பஸ்ஸில் ரைவரோடு தமிழில் கதைக்கிறது, அந்த ஆள் தலையாட்டுகிறது.

முடிவதற்கு முதல் நாள் அவவால் எழும்ப ஏலவில்லை.

"அன்ரி, பசிக்குது."

"நாளைக்கு முடியுதெல்லோ அம்மாச்சி."

"நாளைக்கு ஒரு கரண்டி சூப் தருவினமாம். அதைக் குடிச்சிட்டு நன்றி சொல்லோணுமாம். என்ர அம்மா எண்டால் எட்டுக் கறி வைப்பா."

"எட்டுக்கு நான் இந்த மணலுக்க எங்க போறது? நாலு காணுமோ?"

"நாலெண்டாலும் காணும். அப்பளம் வேணும்."

பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், உருளைக்கிழங்குப் பிரட்டல். தேங்காய்ப்பால் ரின்னில் அடைத்ததுதான், குறை நினைக்கவேண்டாம். அப்பளம் றூபன் கொண்டு வந்தது. துவாய்க் கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டுபோனேன். மணம் வெளியே போகாமல் இருக்கப் பிள்ளை குளியலறை நிலத்தில் சம்மணம் கட்டி இருந்தா. முதல் வாய் வைக்கும்போது பகிடியாய் "முருகா" என்றா. இரண்டாம் தரமும் சோறு போட்டேன். சாப்பிட்டு முடிய கையைக் கழுவ மனமில்லாமல் மணந்து மணந்து பார்த்தா.

அதற்கடுத்த நாட்களும் கொண்டுபோனேன். வாங்கி வாங்கிச் சாப்பிட்டா. பிறகு கால் வீங்கினது. மூச்சு வாங்கினது. பொறுப்பாய் இருக்கிறவளிடம் துணிந்து சொன்னேன். உடம்பில் உள்ள நஞ்சு இறங்குது என்றாள். அடுத்த நாள் காலையில் துவாயோடு போனபோது பிள்ளை போய்விட்டா. முகம் நித்திரை மாதிரித்தான் இருந்தது அம்மா.

வன்னியில் கடைசி நேரம் கஞ்சி வரிசையில் நின்றவள் நான். பசிக்குது என்று ஒரு பிள்ளை சொன்னால் கேளாத மாதிரிப் போக என்னால் ஏலாது.

துசியந்தி

❖

ரெய்னர்ஸ் லேன்
04.02.2025
(இதை அனுப்பவில்லை)

துசியந்தி,

இன்றைக்குச் சுஜீத் வேலைக்குப் போகாமல் வந்து என் முன்னால் இருந்தான். இங்கே கொண்டுவந்து உடம்பை வெட்டிப் பார்த்த டொக்டரின் முடிவு வந்திருக்கிறது. அவன் தமிழில் தட்டித் தடுமாறிச் சொன்னான். கனநாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாய்ச் சோறு போகக்கூடாதாம். போனால் இரத்தத்தில் இருக்கிற சத்தெல்லாம் சடாரென்று இறங்கிவிடுமாம். இரண்டு மூன்று நாளில் நெஞ்சு நின்றுவிடுமாம். கரண்டி கரண்டியாய், இரத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுக்கவேண்டுமாம். அங்கே இரத்தம் பார்க்க ஒரு டொக்டரும் இல்லை. டொக்டர் என்று சொன்னவன் டொக்டரே இல்லையாம்.

"ஆரோ அவளுக்குச் சோறு குடுத்திருக்கினம் அம்மா. ஆரெண்டு தெரியோணும்" என்றான்.

என் தலகாணிக்கு அடியில் உன் கடிதம் கிடக்கிறது. கடையில் கொடுத்துக் கடதாசியில் அடித்து வைத்திருந்தேன்.

ஏன்டி உனக்கு இந்த வேலை? உன்னை யார் கேட்டது? கூட்டத் துடைக்கப் போனவள் கூட்டித் துடைத்துவிட்டு வரவேண்டியதுதானே. ஒரு கரண்டி சூப்பைக் குடித்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்திருப்பாள். இரண்டாம் தரமும் போட்டேன் என்று எழுதுகிறாய். பெருமையாய் எழுதுகிறாய். நான் அதை வாசித்து உன்னை நல்லாய் இருப்பாய் என்று வாழ்த்தினேனே, என் நாக்கு அழுகாதா?

அவர்கள் பட்டினி போட்டார்கள். நீ சோறு போட்டாய். இரண்டு பேருமாய் என் பிள்ளையை முடித்தீர்கள்.

அவள் இங்கே வந்திருந்தால் நான் எட்டுக் கறி வைத்திருப்பேன். மூன்றாம் தரமும் போட்டிருப்பேன். வேண்டாம் என்றாலும் ஊட்டியிருப்பேன். அதை நினைக்காமல் இருக்கத்தான் உன்னைத் திட்டுகிறேன்.

❖

ரெய்னர்ஸ் லேன்
05.02.2025

பிள்ளை துசியந்தி,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்பு சுகமில்லை. இனி அடிக்கடி எழுத ஏலாது.

சோறு கொடுத்த கதையை யாருக்கும் சொல்லாதே. வேறு யாராவது கேட்டாலும் தெரியாது என்று சொல். றூபன் தம்பியிடமும் சொல்லி வை.

கனகாம்பிகை

❖

பாலைவன முகாம்
13.02.2025

அன்புள்ள அம்மா,

உங்களுக்குச் சுகமில்லை என்று அறிந்து கவலை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். என்னோடு ஏதும் மனத்தாங்கலோ என்றும் யோசித்தேன். கடிதம் அவ்வளவு சின்னனாய் இருந்தது. நான் கனக்க எழுதி உங்கள் புண்ணைக் கிளறிவிட்டேனோ தெரியாது.

இங்கே இன்னொரு தமிழ்ப் பிள்ளை வந்திருக்கிறா. பிரியம்வதா என்று பெயர். அவவும் லண்டன்தான், கொம்பியூட்டர் வேலை. ஊர் தமிழ்நாட்டில் கோயம்புத்தூராம். "அக்கா, நீங்க பேசறது பாதிதான் புரியுது, ஆனா கேட்டுட்டே இருக்கணும் போல இருக்கு" என்கிறா. அவவுக்கும் அதே பட்டினி. கண் உள்ளே போய்விட்டது. நேற்று, "கனவுல சாம்பார் வருதுக்கா" என்றா. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வருகிற செவ்வாய் முடிகிறது. செவ்வாய் விடிய அவவுக்கும் பாறணைச் சோறு கொடுக்கப்போகிறேன். றூபன் இன்றைக்கே கத்தரிக்காயும் முருங்கைக்காயும் பார்த்து எடுத்துவருவான். தர்மிகா பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு பிடி முதலில் எடுத்து வைப்பேன். உங்களுக்கு அது சம்மதமாய் இருக்கும்தானே?

துசியந்தி

❖

ரெய்னர்ஸ் லேன்
13.02.2025, வியாழன் பின்னேரம்

துசியந்தி,

கொடுக்காதே. அந்தப் பிள்ளைக்குச் சோறு கொடுக்காதே. ஒரு பிடியும் வேண்டாம். காரணம் பிறகு எழுதுகிறேன். இதைப் பார்த்த உடனே பானையைக் கவிழ்த்து வை.

வெள்ளி

அனுப்பின படத்துக்கு அடியில் இன்னும் ஒற்றைக் கோடுதான் காட்டுகிறது, போய்ச் சேரவில்லை. றூபன் மணலுக்குள் திரும்பிப் போய்விட்டான். அடுத்த வியாழன்தான் றவுணுக்கு வருவான். செவ்வாய் அதற்கு முன்னால் வந்துவிடும்.

காரணம் சொல்லாவிட்டால் நீ கேட்கமாட்டாய். கஞ்சி வரிசையில் நின்றவள் நீ. ஆதலால் சொல்கிறேன். என் பிள்ளையின் நெஞ்சை நிறுத்தியது பட்டினி கிடந்த உடம்பில் போன சோறு என்று டொக்டர்மார் கண்டுபிடித்திருக்கிறார்கள். உனக்குச் சொல்லாமல் செத்துப்போவோம் என்றுதான் இருந்தேன். நீ எனக்கு ஆறுதல் சொன்னவள். அந்த ஆறுதலை உனக்கென்றாவது விட்டுவைப்போம் என்று இருந்தேன். நீ என்னை விடவில்லை.

ஞாயிறு

ஒற்றைக் கோடு.

சுஜீத்திடம் சொன்னால் அவன் ஒரு நிமிசத்தில் அங்கே கதைப்பான். பிறகு உன்னைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்துவான். பூசையறைக்கும் ரெலிபோனுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தேன்.

திங்கள்

அந்த இடத்துக்காரருக்கு லண்டனில் ஒரு ஒப்பிஸ் இருக்கிறது. பூவோடு வந்த மட்டையில் நம்பர் இருந்தது. நானே எடுத்தேன். ஒரு பொம்பிளை. தாலாட்டுகிற மாதிரிக் குரல். எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன், "லண்டன் கேர்ள், பாஸ்டிங், டுமாறோ நோ ரைஸ்" என்று. அங்கே சோறே இல்லை மேடம் என்று சிரித்தாள். திரும்பத் திரும்பச் சொன்னேன். விளங்கவில்லை. போனை வைக்கப் போகிறாள் என்று தெரிந்தது. "கிளீனர் கிவ் ரைஸ்" என்றேன்.

அந்தக் குரல் அப்படியே மாறிவிட்டது. பெயர் கேட்டாள். சொல்லவில்லை. ஆனால் தமிழ்க் கிளீனர் அங்கே எத்தனை பேர் இருப்பீர்கள்? எனக்குத் தெரிந்த இங்கிலிசில் உன்னை ஒளித்துவைக்க இடமிருக்கவில்லை, பிள்ளை.

கனகாம்பிகை

❖

கிளிநொச்சி
09.03.2025

அம்மா,

இதைத் தபாலில் போடுகிறேன். றூபனையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

திங்கள் பின்னேரமே பொறுப்பாய் இருக்கிறவர்கள் எங்கள் கூடாரத்துக்கு வந்தார்கள். பானை, அரிசி, அப்பளப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பிப் படமெடுத்தார்கள். களவெடுத்த சாமான் மாதிரி. ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள். ஆங்கிலம். போட்டால்தான் பாஸ்போட் தருவோம் என்றார்கள். போட்டேன். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. விதியை மீறிச் சமைத்ததற்கு என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை றூபன்தான் என்னை எயார்போட்டுக்கு ஏற்றிப் போனான். றவுண் வந்ததும் அவனுடைய போன் சத்தம் போட்டது. லொறியை ஓரமாய் நிறுத்தி உங்கள் கடிதத்தைக் காட்டினான். அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

பிரியம்வதா பிள்ளை உயிரோடு போனா. புதன்கிழமை தன் காலால் நடந்து காரில் ஏறினதை றூபன் கண்டிருக்கிறான். அது நீங்கள் செய்த புண்ணியம். என்னைக் காட்டிக்கொடுத்தீர்கள் என்று நினைக்கவேண்டாம். உங்கள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

வீட்டில் என் மகள் அம்மா வந்துவிட்டா என்று துள்ளினாள். குழைத்துத் தா என்று வந்து மடியில் இருந்தாள். என்னால் சோற்றில் கை வைக்க ஏலவில்லை. தங்கச்சிதான் ஊட்டினாள். எனக்கும் ஒன்றும் இறங்குவதில்லை. தங்கச்சி திட்டுகிறாள். இவளுக்கு நான் எப்படிச் சொல்வேன் அம்மா? "இரண்டாம் தரமும் போட்டேன்" என்று உங்களுக்கு எழுதினேனே. அதை மட்டும் கிழித்துவிடுங்கள்.

என் விலாசம் எழுதவில்லை. பதில் வந்தால் உடைத்துப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

துசியந்தி

❖

ரெய்னர்ஸ் லேன்
14.12.2025

துசியந்தி பிள்ளைக்கு,

உன் விலாசம் தெரியாது. என்னிடம் இருப்பது றூபனின் பழைய நம்பர் ஒன்றுதான். அதற்கே அனுப்புகிறேன். ஒற்றைக் கோட்டோடு நிற்கும். நிற்கட்டும்.

வழக்கு முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்றால் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அந்த இடத்துக்காரரின் லோயர் உன் கையெழுத்துப் பேப்பரைக் காட்டினார். தங்கள் வைத்தியத்தில் பிழை இல்லை, வேலையாள் ஒருத்தி திருட்டுத்தனமாய்ச் சோறு கொடுத்ததுதான் காரணம், அவளை நிறுத்திவிட்டோம் என்று எழுதியிருக்கிறார்கள். நான் போன் எடுத்திராவிட்டால் அவர்களுக்கு நீ கிடைத்திருக்கமாட்டாய். சுஜீத்திடம் எல்லாம் சொன்னேன். "உங்களுக்கு முந்தியே தெரியுமோ?" என்று கேட்டான். ஓம் என்றேன். அதற்குப் பிறகு அவன் இங்கே வருவதில்லை. தான் இருக்கிற ஸ்ட்ரெதத்தில் இருந்து மாதத்துக்கு ஒருக்கா சாமான் மட்டும் அனுப்புகிறான்.

அந்த இடம் நடக்கிறது. விளம்பரம் என் போனில்கூட வருகிறது. வெள்ளை உடுப்போடு ஒரு பிள்ளை மணலில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறது.

அந்தப் பிரியம்வதா இந்த லண்டனில் எங்கேயோ இருக்கிறாள். ரெயினில் தமிழ்நாட்டுத் தமிழ் கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன். உனக்கு நடந்ததும் அவளுக்குத் தெரியாது, என்னையும் தெரியாது.

நேற்று பிள்ளையின் ஆட்டைத் திவசம், போய் ஒரு வருசம். சனத்துக்குச் சொல்லவில்லை. ஐயர் வந்தார். பிள்ளைக்கு விருப்பமானதெல்லாம் ஆக்கிப் படையுங்கள் என்றார். பிரீசரைத் திறந்தேன். முருங்கைக்காயைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

பச்சைத் தண்ணி மாதிரிக் கஞ்சி வைத்தேன். உப்புக்கூடப் போடவில்லை. "என்னம்மா இது, பிள்ளை பசியோடயெல்லோ வந்திருக்கும்" என்று ஐயர் கேட்டார். அவருக்கு என்ன சொல்வது? அவர் போன பிறகு படத்துக்கு முன்னால் இருந்து ஒரு கரண்டி வைத்தேன். கனநேரம் பொறுத்து இன்னொரு கரண்டி. சூடு ஆறிப்போனது. அவள் இன்னும் கொஞ்சம் தாங்கோ என்று கேட்கிற மாதிரி இருந்தது. கொடுக்கவில்லை.

உன்னை மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. மன்னிக்கவில்லை என்றும் எழுத வரவில்லை. நீ நாலு கறி வைத்தாய், நான் எட்டு வைத்திருப்பேன். அவ்வளவுதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அவள் கையை மணந்து பார்த்த இடம் அதில் இருக்கிறது. அது வேறெங்கும் இல்லை.

நீ சாப்பிடு. ஒரேயடியாய் வேண்டாம். கஞ்சியில் தொடங்கு, ஒரு கரண்டி, பிறகு இன்னொரு கரண்டி. பக்கத்தில் யாரையாவது இருக்கச் சொல்.

கனகாம்பிகை